நகரம் மாறிவிட்டதாம், ஊர்தான் மாறவில்லையாம்

வாசகர் ஒருவரின் கேள்வி, ஏப்ரல் 11, 2025

எனக்கு 24 வயது. சென்னையில் வேலை. இங்கே யாரும் யாரையும் சாதி கேட்பதில்லை. பெண்கள் நைட் ஷிஃப்ட் முடித்துத் தனியாக வீடு திரும்புகிறார்கள், கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரர் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஊருக்குப் போனால் இருபது வருஷம் பின்னால் போன மாதிரி இருக்கிறது. நகரம் மாறிவிட்டது, ஊர் மாறவில்லை. இதை யாராவது மறுக்க முடியுமா?

ஏப்ரல் 11, இரவு 11.20

மறுக்க மாட்டேன். நானும் அதே கட்சிதான். எனக்கு 27. மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் நடுவில், கடல் ஓரமாக ஒரு ஊர். அப்பா விசைப்படகில் போகிறவர், அம்மா கடல்பாசி எடுப்பவர். நான் ஆறு வருஷமாகச் சென்னை.

ஒரு அத்தாட்சி சொல்கிறேன். ராமேஸ்வரம் ரயில் மானாமதுரையைத் தொட்டதும் எழுந்துவிடுவேன். ஜீன்ஸைக் கழற்றிச் சுடிதார் போட்டு, துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தி, கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து உட்காருவேன். ஆறு வருஷத்தில் ஒருதரம்கூடத் தவறியதில்லை. அலாரமே வேண்டாம், தூக்கத்திலேயே மானாமதுரை தெரியும். போன வாரம் புதுப் பாம்பன் பாலத்தைத் திறந்தார்கள். 1914இல் கட்டிய பழைய பாலம் ஓய்வுக்குப் போய், நடுப்பகுதி அப்படியே மேலே தூக்கிக்கொள்ளும் பாலம் வந்துவிட்டது. எனக்கு மட்டும் மானாமதுரை மானாமதுரையாகவே இருக்கிறது.

கேள்வி கேட்டவர் சொல்வது நூற்றுக்கு நூறு.

ஏப்ரல் 12, காலை 7.05

நூற்றுக்கு நூறு இல்லை. ராத்திரி யோசித்ததில் தொண்ணூறு.

"சாதி கேட்பதில்லை" என்ற இடத்தில் நெருடுகிறது. உண்மைதான், கேட்பதில்லை. நம் பெயரிலும் அது இல்லை. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை வெட்டச் சொல்லித் தீர்மானம் போட்டு, அது ஊரெல்லாம் பரவி, இன்றைக்கு நம் பெயருக்கு முன்னால் ஒரு எழுத்து மட்டும் நிற்கிறது. வடக்கிலிருந்து வந்த என் அலுவலகத் தோழிக்கு இது பெரிய ஆச்சரியம். "உங்க ஊர்ல கண்டுபிடிக்கவே முடியாதா?" என்பாள்.

முடியும். நாலு கேள்வி போதும். எந்த ஊர்? ராம்நாடா, ராம்நாட்டில் எங்கே? பரமக்குடி பக்கமா, முதுகுளத்தூர் பக்கமா? குலதெய்வம் எது? வீடு பார்க்கப் போன ஒவ்வொரு இடத்திலும் இதைத்தான் கேட்டார்கள், அதுவும் சிரித்த முகமாக, காபி கொடுத்து. ராம்நாடு என்றதும் அவர்கள் மனசுக்குள் இரண்டு தேதி ஓடுவது எனக்குத் தெரியும்: செப்டம்பர் 11 பரமக்குடி, அக்டோபர் 30 பசும்பொன். பட்டியல் சாதித் தலைவர் இமானுவேல் சேகரன் நினைவு நாளா, முக்குலத்தோர் கொண்டாடும் முத்துராமலிங்கத் தேவரின் குருபூஜையா, இரண்டில் எது உன் தேதி என்பதுதான் கேள்வி. நாங்கள் கடல் ஆட்கள் என்றதும் கொஞ்சம் குழம்புவார்கள். அந்தக் குழப்பத்தில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

சரி, எண்பது.

ஏப்ரல் 15, மாலை

இன்றிலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. எனக்கும் இரண்டு மாதம் வீட்டிலிருந்தே வேலை என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அப்பா படகைக் கரையேற்றிச் சுரண்டிக்கொண்டிருக்கிறார். அம்மாவும் வீட்டில்தான். இந்த மாதங்களில் பாசி எடுக்க மாட்டார்கள், வளரட்டும் என்று அவர்களாகவே வைத்துக்கொண்ட ஓய்வு. ஆக மூன்று பேரும் ஒரே கூரைக்குள். ஆபத்தான நிலைமை.

அம்மாவிடம் இந்தக் கேள்வியைப் படித்துக் காட்டினேன். மானாமதுரை சமாச்சாரத்தையும் சேர்த்து. நெகிழ்ந்துபோவார் என்று நினைத்தேன். சிரித்தார்.

"இப்ப எவ துப்பட்டா போடுறா? ராம்நாட்டுக் காலேசுக்குப் போற புள்ளைக லெக்கின்சு போட்டு ஸ்கூட்டியில போகுதுக. நீதான் எழவு வீட்டுக்கு வந்தவ மாதிரி மூடிக்கிட்டு வந்து எறங்குற. பாக்குறவ பூராம் கேக்குறா, மெட்ராசுல எதுவும் பிரச்சனையாத்தான்னு."

நம்பவில்லை. சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் போய் நின்று பார்த்தேன். எண்ணினேன். கல்லூரிப் பெண்கள் பதினோரு பேர், துப்பட்டா நாலு. அதிலும் ஒன்று வெயிலுக்குத் தலையில் கட்டியது.

அப்படியென்றால் நான் ஆறு வருஷமாக யாருக்காக மாற்றிக்கொண்டிருந்தேன்? 2019இல் நான் விட்டுவிட்டுப் போன ஊருக்காக. அந்த ஊர் இப்போது இல்லை. நான் திரும்பி வரும்போதெல்லாம் அதை மூட்டை கட்டிக் கூடவே கொண்டுவந்து இறக்கியிருக்கிறேன்.

ஏப்ரல் 16

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு மூன்று பேர் தங்கள் மானாமதுரையைச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்கு விழுப்புரம். ஒருவருக்கு மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையக் கழிப்பறை (பாவம்). மூன்றாமவர் ஆண், பரமக்குடி வந்ததும் காதுக் கடுக்கனைக் கழற்றிப் பர்ஸில் போட்டுக்கொள்வாராம். அவர் அப்பா ஒருமுறை பர்ஸில் சில்லறை தேடியபோது அது கையில் வந்திருக்கிறது. "எந்தப் பொண்ணோடது?" என்று கேட்டாராம். "ஆமாம், ஒரு பொண்ணோடதுதான்" என்று சொல்லித் தப்பித்திருக்கிறார். கடுக்கனை விடக் காதல் பரவாயில்லை என்று நினைக்கும் அப்பா. மாற்றத்தை எதில் அளப்பது என்றே புரியவில்லை.

ஏப்ரல் 27

"நீ உன் வீட்டுக் கதையைச் சொல்கிறாய், கணக்கு என்ன சொல்கிறது?" என்று கேட்டவருக்கு.

2011-12இல் நாடு முழுக்க நடந்த இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு இருக்கிறது. அதில் சாதி விட்டுச் சாதி கல்யாணம் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் அளவில்தான். நான் எதிர்பார்த்தது என்னவென்றால், நகரத்தில் இருபது இருக்கும், கிராமத்தில் ஒன்று இருக்கும், சராசரி ஐந்து. அப்படி இல்லை. நகரத்துக்கும் கிராமத்துக்கும் ஒரு சதவீதப் புள்ளிகூட வித்தியாசம் கிடையாது. தீண்டாமையைக் கடைப்பிடிப்பதாக ஒப்புக்கொண்ட வீடுகள் 27 சதவீதம். கிராமத்தில் 30, நகரத்தில் 20. இங்கே நகரத்துக்குப் பத்து மதிப்பெண் கூட. ஆனால் ஐந்து வீட்டில் ஒரு வீடு என்பது என் அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒரு மாடிக்கு ஒரு கதவு.

பழைய கணக்கு என்பீர்கள். ஆமாம், பதிமூன்று வருஷம் ஆகிறது. அதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது என்று நம்ப ஆசைதான்.

மே 4, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் இழுத்தேன். லிஃப்ட் கதை.

முதலில் வீடு எப்படிக் கிடைத்தது என்று சொல்ல வேண்டும். பெருங்குடி, நாலாவது மாடி. வீட்டுக்காரர் கேட்டார், "நான்வெஜ் சமைப்பீங்களா?" நான் சொன்னேன், "எப்பவாவது முட்டை." கடற்கரையில் பிறந்தவள், பல் முளைக்கும் முன் சூடை மீன் குழம்பைச் சப்பியவள். எப்பவாவது முட்டை!

போன டிசம்பரில் அம்மா முதல்முறையாக அந்த வீட்டுக்கு வந்தார், நாலு நாளைக்கு. கையில் ஒரு உரச்சாக்குப் பை. அதற்குள் நெத்திலி, வாளை, கட்டாக் கருவாடு. தெரிந்தவர்களுக்குத் தெரியும், நெத்திலி அடங்கிக் கிடக்கும், கட்டா மட்டும் வருவதைத் தெருமுனையிலேயே சொல்லிவிடும். லிஃப்ட்டில் நாங்கள் இருவர், இரண்டாவது மாடிப் பெண்மணி ஒருவர், அவர் பிள்ளை. கதவு மூடியதும் அவர் துப்பட்டா நுனியை மூக்குக்குக் கொண்டுபோனார். பிள்ளை சத்தமாகவே சொன்னது, "மம்மி, என்னமோ நாறுது."

நான் வாயைத் திறந்தேன். "டிரெய்னேஜ் அடைச்சிருக்கு போல, மேடம். செக்ரெட்டரிகிட்ட சொல்லணும்."

அந்தப் பெண்மணி தலையாட்டினார். அவர் கெட்டவர் இல்லை. போன மழையில் கரண்ட் போனபோது எனக்கு மெழுகுவத்தி கொண்டுவந்து கொடுத்தவர். அம்மா ஒன்றும் பேசவில்லை. கதவுக்கு மேலே மாறும் எண்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பையைப் பிடித்திருந்த கைவிரல்களைப் பார்த்தேன். பாறையில் பாசியைப் பிய்க்கும்போது கிழிக்காமல் இருக்க விரல் ஒவ்வொன்றுக்கும் துணி சுற்றிக்கொண்டுதான் இறங்குவார்கள். அப்படியும் நகத்தடியில் வெள்ளையாகத் தழும்பு. அந்த விரல்கள் பை வாயைச் சுருட்டிச் சுருட்டி இறுக்கிக்கொண்டிருந்தன.

அதற்கப்புறம் அந்த நாலு நாளும் அம்மா லிஃப்ட்டில் ஏறவே இல்லை. ஒவ்வொரு முறையும் படிதான். கேட்டால், முட்டிக்கு நல்லது என்றார்.

நகரத்தில் யாரும் என்னை வெளியே போ என்று சொல்லவில்லை. யாரும் என்ன ஆட்கள் என்று கேட்கவில்லை. அவர்கள் கேட்பதற்கு முன்னாலேயே நானே பதில் சொல்லிவிடுகிறேன், அதுவும் பொய்யாக.

மே 5

நேற்று எழுதியதை அழிக்கவில்லை, இருக்கட்டும். ஆனால் திருத்தம் உண்டு.

இன்று மத்தியானம் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். நாலு நாள் படி ஏறவைத்துவிட்டேனே என்று. அவருக்கு முதலில் எதைச் சொல்கிறேன் என்றே விளங்கவில்லை. அப்புறம், "ஏத்தா, அந்தப் பொட்டிக்குள்ள எனக்கு மூச்சு முட்டுதுடி. அதான் ஏறல" என்றார்.

கடலுக்குள் ஆள் ஆழத்துக்கு மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையைத் தடவி, மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வருகிறவர். லிஃப்ட்டில் நாலு மாடிக்கு மூச்சு முட்டுகிறதாம். ஐந்து மாதமாக நான் சுமந்த குற்ற உணர்ச்சி அப்படியே பொத்தென்று விழுந்தது.

படியில் போனதில் இன்னொரு லாபமும் இருந்திருக்கிறது. கீழே செக்யூரிட்டி அண்ணன் தொண்டிப் பக்கத்துக்காரர். எனக்கு இரண்டு வருஷமாகத் தெரியாது, அம்மாவுக்கு இரண்டாவது நாளே தெரிந்துவிட்டது. அவர் வாசத்தை வைத்தே, "கட்டாவா ஆத்தா?" என்று கேட்டிருக்கிறார். கருவாட்டில் பாதி அவர் வீட்டுக்குப் போயிருக்கிறது. நான் எலிதான் தின்றது என்று நினைத்திருந்தேன்.

எல்லாம் சிரிப்பாக முடிந்தது என்று எழுந்தேன். அம்மா பின்னாலிருந்து கேட்டார்.

"டிரெய்னேஜ்னா சாக்கடைதானத்தா?"

ஆமாம் என்றேன்.

"ம். அத மட்டும் மறக்கல."

மே 18

தம்பி பெங்களூரிலிருந்து வந்திருக்கிறான். அங்கே நாலு பேர் சேர்ந்து வீடு, முறை வைத்துச் சமையல். அவன் போடும் ஸ்டேட்டஸைப் பார்த்தால் ஞாயிறு தவறாமல் பிரியாணி, இவன் கையால். "ஆண்களும் சமைக்க வேண்டும்" என்று ஒரு நீண்ட பதிவுகூடப் போட்டான், நானே இதயம் போட்டேன்.

இங்கே வந்து மூன்று நாள். தட்டைக் கூட எடுத்து வைக்கவில்லை. கேட்டேன். "அம்மா விடமாட்டாங்கக்கா" என்கிறான். அம்மாவிடம் கேட்டேன்.

"அங்க பசி இருக்கு, சமைக்கிறான். இங்க நான் இருக்கேன்."

நகரத்துக்குப் போனால் மனசு விரிகிறது என்பது பாதி இதுதான் போல. சமைக்க ஆள் இல்லை, அவ்வளவுதான். (இன்று ராத்திரி பிரியாணி அவன் பொறுப்பு என்று அறிவித்துவிட்டேன். அப்பா நாலுதரம் அடுப்படியை எட்டிப் பார்த்தார். அரிசி குழைந்துவிட்டது. பெங்களூர் அரிசி வேறு என்கிறான்.)

மே 25

"ஊர் என்றால் எது, நகரம் என்றால் எது, முதலில் அதைச் சொல்லுங்கள்" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நல்ல கேள்வி, தேடிப் பார்த்தேன்.

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 48 பேர் நகரவாசிகள். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்று அறிவிக்கப்பட்டவை போக, ஒரு இடத்தை நகரம் என்று சேர்க்க மூன்று நிபந்தனை. 5,000 பேராவது இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது இருக்க வேண்டும். ஆண் தொழிலாளர்களில் 75 சதவீதம் பேராவது விவசாயம் அல்லாத வேலை செய்ய வேண்டும்.

மூன்றாவதை இன்னொருதரம் படியுங்கள். ஆண் தொழிலாளர்களில். ஒரு ஊர் நகரமா இல்லையா என்று முடிவு கட்டும்போது பெண்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பதே இல்லை. அம்மா நாற்பது வருஷமாகக் கடலில் இறங்குகிறார். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதிலிருந்து தீவுப் பக்கம் போனால் வனத்துறை பிடிக்கும், போகாவிட்டால் அடுப்பு எரியாது, இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிழைப்பு. எத்தனை நாள் இறங்குவது, எத்தனை நாள் விடுவது என்று பெண்களே கூடிப் பேசி முடிவெடுக்கிறார்கள். பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கும் லட்சுமி அம்மாவுக்கு, தீவுச் சூழலைக் காப்பவர்களுக்குத் தரும் சீகாலஜி விருது 2015இல் கிடைத்தது இதற்காகத்தான். அம்மாவிடம் அவரைப் பற்றிக் கேட்டால், "பேச்சுல ஆள் கெட்டி" என்பதோடு முடித்துக்கொள்கிறார். பாம்பனிலிருந்து வரும் கடல் ஓசை வானொலி 90.4 ஓடாத நாள் எங்கள் வீட்டில் இல்லை, அதில் பாசிக்காரப் பெண்கள் பேசினால் மட்டும் சத்தத்தைக் கூட்டுவார்.

என் அலுவலகத்தில் பெண்கள் தலைமைப் பண்பு என்று இரண்டு நாள் பயிற்சி கொடுத்தார்கள். ஹோட்டலில். அங்கே நான் கற்றதில் நினைவிருப்பது பனீர் டிக்கா.

அப்புறம் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. முன்பெல்லாம் அம்மா ராமநாதபுரம் போக வேண்டுமென்றால் அப்பாவிடம் காரணம் சொல்லி, காசு வாங்கி, அது ஒரு நாள் வேலை. இப்போது போய்விட்டு வந்து சொல்கிறார். சில நாள் சொல்வதும் இல்லை. போன வாரம் எதற்குப் போனீர்கள் என்று கேட்டேன். "சும்மா" என்றார். என் வாழ்க்கையில் அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டது அதுதான் முதல்முறை.

மே 26

நேற்றையது ஊரைத் தூக்கி வைத்து எழுதிய மாதிரி ஆகிவிட்டது. படித்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருக்கிறது. இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன்.

மேலத்தெருவில் என் வயசுப் பெண் ஒருத்தி. திருப்பூரில் வேலை பார்த்தபோது ஒரு பையன், வேறு ஆட்கள். கல்யாணம் செய்துகொண்டாள். நாலு வருஷம் ஆகிறது, இன்னும் ஊருக்குள் வரவில்லை. பேரன் பிறந்து இரண்டு வயது. அவள் அம்மாவின் போனில் அவள் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். நான் ஊருக்கு வந்தால், உப்பு கேட்கும் சாக்கில் அவர் எங்கள் வீட்டுக்கு வருவார். என் போனில் அந்தப் பிள்ளையின் படத்தைப் பார்ப்பார். விரலால் பெரிதாக்கி, முகத்தை, அப்புறம் காலை, அப்புறம் மறுபடி முகத்தை. உப்பை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இந்தத் தடவை மட்டும் ஆறு முறை உப்பு தீர்ந்திருக்கிறது.

"சட்டம் இருக்கிறதே" என்பவர்களுக்கு: இருக்கிறது. 1967இலேயே தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்துவிட்டது. ஐயர் வேண்டாம், மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ போதும். இரண்டு மேஜர்கள் சம்மதித்தால் குடும்பமோ ஊரோ பஞ்சாயத்தோ குறுக்கே வரக்கூடாது என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மதம் விட்டு மதம் என்றால் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம், அதில் முப்பது நாள் நோட்டீஸ். ஓடி வந்தவர்களின் பெயரை முப்பது நாள் பலகையில் தொங்கவிடுவதை யார் யோசித்தார்களோ.

சட்டத்தால் அவளுக்குத் தாலியும் சான்றிதழும் கிடைத்தன. உப்புக்கு அவள் அம்மா எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது.

ஜூன் 3

ஜூன் பிறந்தது, பாலினச் சிறுபான்மையினரின் பெருமை மாதம். அலுவலகச் சின்னம் வானவில் நிறத்துக்கு மாறிவிட்டது. நல்லது, கேலி செய்யவில்லை. 2018 செப்டம்பர் 6இல் தன்பாலின உறவு குற்றமில்லை என்று 377ஆம் பிரிவைப் பற்றித் தீர்ப்பு வந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். விடுதியில் ஒருத்தி கழிப்பறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள், ஏன் என்று எங்களுக்கு விளங்க இன்னும் இரண்டு வருஷம் ஆனது. சின்னம் நிறம் மாறுவது அவளைப் போன்றவளுக்கு ஏதோ ஒரு வகையில் தெம்பாகத்தான் இருக்கும்.

ஆனால் வானவில் சின்னத்தோடு வந்த மின்னஞ்சலை அனுப்பிய அதே மேலாளர், அடுத்த நாள் காணொளிக் கூட்டத்தில் என்னிடம், "ரெண்டு மாசம் ஊர்ல இருக்கீங்க, மாப்பிள்ளை பாக்குறாங்களா?" என்று கேட்டார். பதினாலு பேர் முன்னால்.

எங்கள் ஊரில் ஒரு திருநங்கை அக்கா மீன் வியாபாரம் செய்கிறார். ஏலத்தில் அவரை முந்த முடியாது. விரலை மடக்கி அவர் விலை கேட்டால் ராமநாதபுரம் வியாபாரிகளே ஒருகணம் தயங்குவார்கள். ஊரில் சின்னதுகளுக்கெல்லாம் அவர் அக்காதான். அதே ஊரில் கல்யாணப் பந்தியில் அவரை முதல் வரிசையில் உட்காரவைத்து நான் பார்த்ததில்லை. கடைசிப் பந்திக்கு வருவார், அவராகவே. இதை மாற்றம் என்பதா, மாறாதது என்பதா? கேள்வி கேட்டவர் சொன்ன நகரம், ஊர் என்ற இரண்டு டப்பாவில் எதிலும் இவரைப் போட முடியவில்லை.

ஜூன் 8, நள்ளிரவு தாண்டி

சரி. இதைத்தான் இவ்வளவு நாளாகச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன்.

அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். ஆரணிப் பக்கம். ஒன்றரை வருஷமாகப் பழக்கம். நல்ல மனுஷன், கொஞ்சம் அதிகமாக நல்ல மனுஷன், அதாவது ஆட்டோக்காரரிடம் பேரம் பேசத் தெரியாது. இன்று அம்மாவிடம் சொன்னேன். முற்றத்தில் உட்கார்ந்து மிளகாய் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார், எங்கள் பக்கத்து முண்டு மிளகாய். கையை நிறுத்தவில்லை.

"என்ன ஆளுக?"

பொங்கிவிட்டேன். இரண்டு மாதமாக இங்கே எழுதியதெல்லாம் ஒரே மூச்சில் வெளியே வந்தது. செங்கல்பட்டு மாநாடு, ஐந்து சதவீதம், உப்பு வாங்க வரும் அத்தை, எல்லாம். அம்மா குறுக்கிடாமல் கேட்டார். நான் மூச்சு வாங்கிய இடத்தில் கேட்டார்.

"ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன். பழக ஆரம்பித்த இரண்டாவது வாரம். "உங்க ஊர்ல திருவிழா எந்தக் கோயில்ல விசேஷம்?" என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன், காபி குடித்துக்கொண்டே, சிரித்த முகமாக. பதிலை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். கணக்கு சரிதானா என்று அந்தப் பக்கத்துத் தோழி ஒருத்தியிடம் பேச்சுவாக்கில் சரிபார்த்தும் கொண்டேன். வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்ட அதே நாலு கேள்வி. காபி உட்பட.

அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு மிளகாய்க்குத் திரும்பினார். "அப்ப நீ எப்பவோ கேட்டுட்ட. நான் இப்பத்தான கேக்குறேன்."

ஜூன் 9

"அவரும் உன்னிடம் கேட்டாரா?" என்று கேட்டவருக்கு: கேட்டார். "உங்க ஊர்ல என்ன மீன் நல்லா இருக்கும்?" என்று. அது அந்தக் கேள்வியா, வெறும் மீன் கேள்வியா என்று ஒன்றரை வருஷமாக யோசிக்கிறேன்.

ஜூன் 11

அப்பாவிடம் நான் சொல்லவில்லை. அம்மா சொல்லிவிட்டாரா என்று தெரியவில்லை. மூன்று நாளாக டீ குடிக்கும்போது என்னைப் பார்க்காமல் கடலைப் பார்க்கிறார். கடலை அவர் எப்போதும் பார்ப்பவர்தான், அதனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

படகுக்குப் பச்சை பெயின்ட் அடித்து முடித்தாயிற்று.

ஜூன் 16, மாலை 4 மணி

தடைக்காலம் முடிந்தது, அப்பா கடலில். எனக்கு இன்று ராத்திரி ரயில். உச்சிப்புளியில் ஏற வேண்டும். ஜீன்ஸில்தான் போகிறேன். அதில் பெரிய வீரம் ஒன்றும் இல்லை, சுடிதார் எல்லாம் துவைக்கப் போட்டது காயவில்லை.

அம்மா பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறார். பாலித்தீன் மூன்று சுற்று, அதற்கு மேல் செய்தித்தாள், அதற்கு மேல் சணல் கயிறு. மூன்று பொட்டலம். ஒன்று எனக்கு. ஒன்று செக்யூரிட்டி அண்ணனுக்கு, அதில் கட்டா மட்டும். மூன்றாவது யாருக்கு என்று கேட்டேன்.

"ஆரணியில கடல் இல்லைல்ல" என்றார்.

வேறு ஒன்றும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்றையும் உரச்சாக்குப் பையில் வைத்து வாயைச் சுருட்டிக் கொடுத்தார். எவ்வளவு சுற்றியும் கட்டா அடங்கவில்லை, இந்தக் குறிப்பை எழுதும்போதே அறை முழுக்க இருக்கிறது. நாளைக் காலை பெருங்குடியில் லிஃப்ட்டா, படியா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. நாலு மாடி.